மேல் வரிசை வீடு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. 'ச' சொல்ல வராமல் தெருவையே சிரிக்க வைக்கிறாள். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய களிம்பைத் தடவுகிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா? தங்கை மருந்துக்கடையில் நின்றும் உனக்கு ஒரு பிரயோஜனம் இல்லை.

போனில் பேசலாம்தான். ஆனால் பகல் முழுக்க ஆபீஸில் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ஊர்ப்பட்ட இன்ஜினீயர்களின் சந்தேகத்துக்குப் பதில் சொல்கிறவள், வீட்டுக்கு வந்ததும் எனக்கு "உம்", "உம்" என்பதற்கு மேல் எதுவும் தருவதில்லை. எழுத்தில்தான் நீ வாய் திறப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். வீடு பார்த்துவிட்டேன்! ஊருக்கு வெளியே மலைச்சரிவில் கீழ் வரிசை, மேல் வரிசை என்று புது வீடுகள் கட்டப் போகிறார்கள். அங்கே மண்ணைப் பரிசோதிக்கும் வேலை இவருடைய கம்பெனிக்குத்தான் வந்திருக்கிறது. இவர் முதலாளி நெட்டை அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும். இவரோடு ஒரே வகுப்பில் படித்தவர், எங்கள் கல்யாணத்தன்று வாசல் நிலையில் மடேரென்று தலையை இடித்துக்கொண்டாரே, அவர்தான். வீடு கட்டுகிறவர்கள் அவருக்கு வேண்டியவர்கள். அவரே வீட்டுக்கு வந்து, "தங்கச்சி, மேல் வரிசையில எது வேணும்னு முதல்ல நீ சொல்லு, அப்புறம்தான் மத்தவங்க" என்றார். ஓரத்து வீட்டைச் சொல்லிவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். இங்கே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பல் தேய்ப்பது தெரிகிறது.

இவர்தான் பிடி கொடுக்காமல் "பாக்கலாம், பாக்கலாம்" என்கிறார். நீ சொன்னால் கேட்பார். ஒரு வரி எழுதேன்.

பாப்பாவின் முத்தம் இதனுடன் வருகிறது. அது பென்சில் கறை இல்லை, உதட்டுக் கறை.

உன் சில்வண்டு


மார்ச் 16

என் சில்வண்டுக்கு,

கழுத்து வலி தேவலை. களிம்பு தீர்ந்துவிட்டது, நம்பு. பாப்பாவை எனக்காக நாலு முறை 'சர்க்கரை' சொல்ல வைத்துக் கேள்.

வீட்டுச் செய்தி படித்து, நானே அந்த ஜன்னலில் நிற்பது போல இருந்தது. வாடகை வீட்டு ஈரச் சுவரோடு நீ படும் பாடு போதும். மாப்பிள்ளைக்கு எழுதத்தான் போகிறேன். மண்ணையும் பாறையையும் படித்தவருக்கு வீட்டுக்காரி மனதைப் படிக்க வராதா என்று கேட்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. என்னைப் போனிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி தொழில் நெறி வழிகாட்டி நூலைத் திருத்தும் வேலை. போனை என் பக்கத்து மேஜைத் தாடிக்காரர் பார்த்துக்கொள்வார். என் கடைசி அழைப்பைக் கேள். ஒரு இன்ஜினீயர், "மேடம், என் மாமனார் வீட்டு மாடிக்கு நானே கணக்குப் போட்டு, நானே முத்திரை வைக்கலாமா?" என்றார். "அந்த மாதிரி வேலையில உங்களுக்கு அனுபவம் இருக்கா சார்?" என்று கேட்டேன். "இல்ல மேடம். ஆனா மாமனாரோட நல்ல பழக்கம் இருக்கு" என்றார்!

சிரிக்காதே. இப்படிக் கேட்க ஒரு இடம் இருப்பதே பெரிய விஷயம். நாங்கள் போலீஸ் இல்லை. இன்ஜினீயர்களையும் நிலவியலாளர்களையும் பதிவு செய்யும் எங்கள் மன்றத்தில், தப்புச் செய்தவரை விசாரிக்கிறவர்கள் மாடியில் இருக்கிறார்கள். தப்பு நடப்பதற்கு முன்னால் கேட்கிறவர்களுக்குத்தான் நாங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. சொன்னது அறையைத் தாண்டாது.

உடம்பைப் பார்த்துக்கொள். மனையின் படம் இருந்தால் அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

பாப்பாவுக்கு ஒரு வாரமாகச் சளி, இப்போது பரவாயில்லை. நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

எனக்குத்தான் சுகமில்லை, மனதில். இந்த வருஷம் மழை முன்கூட்டியே வந்து ஒரு வாரம் அடித்தது. அது விட்டதிலிருந்து இவர் ஞாயிற்றுக்கிழமைகூட மலைக்குப் போய்விடுகிறார். முழங்கால் வரை சேறோடு திரும்பி வருகிறார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றாலும் தெரிவதில்லை. ஒருநாள் வேண்டுமென்றே போடாமல் பார்த்தேன்.

வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், "கொஞ்சம் பொறு" என்கிறார். "எதுக்குப் பொறுக்கணும்? காரணம் சொல்லுங்க" என்றேன். "சொல்ற மாதிரி இருந்தா சொல்ல மாட்டேனா?" என்று எரிந்து விழுந்தார். பாப்பா பயந்து என் பின்னால் ஒளிந்துகொண்டாள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லை அக்கா.

மே கடைசிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் ஓரத்து வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். நான் ஆசைப்பட்ட ஒன்று என்பதாலேயே இவருக்குப் பிடிக்கவில்லையோ என்றுகூடத் தோன்றுகிறது. நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

தங்கை


ஏப்ரல் 22

மதிப்பிற்குரிய துறைத் தலைவர் ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் அம்மாவின் கண் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாக அறிந்தேன், மகிழ்ச்சி. விடுப்பில் இருக்கும் உங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும்.

தாடிக்காரர் முழங்கால் வைத்தியத்துக்குப் போயிருப்பதால் இந்த வாரம் போனை நான் பார்க்கிறேன். நேற்று முற்பகல் ஒரு நிலவியலாளர் அழைத்தார். பெயர் சொல்லவில்லை. மலைச்சரிவில் வீடுகள் வரப்போகும் ஓர் இடத்தை ஆராய்ந்திருக்கிறார். சரிவின் மேல்பாதி, எப்போதோ இறங்கிய பழைய மண்சரிவின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்றும், சமீபத்து மழைக்குப் பிறகு தரையில் வெடிப்புகள் அகலமாகின்றன என்றும் அறிக்கை எழுதியிருக்கிறார். முதலாளி அந்தப் பத்திகளை எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு முத்திரை வைக்கச் சொல்கிறார். என்ன செய்வது என்று கேட்டார்.

வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். முத்திரை கம்பெனியுடையது இல்லை, அவருடைய சொந்தப் பொறுப்பு. தான் நம்பாத ஒன்றின் மேல் அதை வைக்கக் கூடாது. கவலையை முதலாளிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு மறுபடி பார்க்கச் சொல்லலாம். எதற்கும் அசையாமல், குடியிருக்கப் போகிறவர்களின் உயிருக்கு ஆபத்து என்று அவர் நம்பினால், அனுமதி கொடுக்கும் நகராட்சிக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். "வேலை போனா, மேடம்?" என்று கேட்டார். "அதுக்கு எங்க வழிகாட்டியில பதில் இல்ல, சார்" என்றேன்.

ஐயா, அவர் இரண்டாவது வாக்கியம் பேசும்போதே குரல் தெரிந்துவிட்டது. அவர் என் தங்கையின் கணவர். அவருக்கு என்னைத் தெரிந்ததா என்று தெரியவில்லை. உடனே வேறொருவரிடம் கொடுத்திருக்க வேண்டும். நிறுத்தினால் ரிசீவரை வைத்துவிடுவார், மறுபடி யாரையும் கூப்பிட மாட்டார் என்று தோன்றியது. கடைசியில், வேறு ஆலோசகர் தொடர்ந்து பேசுவார் என்று சொல்லி எண் வாங்கி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. என் தங்கை அதே மேல் வரிசையில் வீடு வாங்க நிற்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

பணிவுடன்,
ஆலோசகர்


ஏப்ரல் 26

ஆலோசகர் அம்மாவுக்கு,

அம்மா நலம். கட்டுப் பிரித்ததும் முதலில் என் நரையைத்தான் பார்த்தார்.

அழைப்பைத் தாடிக்காரர் வந்ததும் ஒப்படையுங்கள். அதன்பின் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கக் கூடாது, அவரும் சொல்ல மாட்டார். தங்கையிடமும் வாய் திறக்க வேண்டாம். அங்கே இன்னும் ஒரு கல்லும் நடவில்லை, யாரும் குடியிருக்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்ய அவருக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை நாம் பிடுங்கக் கூடாது. ஆபத்து நெருங்கினால் நகராட்சிக்கு முதல் போன் நானே செய்வேன்.

வீடு வாங்கும் யாருக்கும் சொல்லக்கூடியதை உங்கள் தங்கைக்கும் சொல்லலாம். அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

கஷ்டம்தான். எனக்குத் தெரியும்.

தலைவர்


மே 5

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். பாப்பாவின் சளி விட்டதா?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆபீஸில் வேலை அதிகம். வீட்டு விஷயத்தில் நான் எதுவும் சொல்வதற்கில்லை. நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்வதுதான் நல்லது. மாப்பிள்ளைக்கு எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதையும் எழுதவில்லை, எழுதப் போவதில்லை.

அவரிடம் கோபித்துக்கொள்ளாதே.

அக்கா


மே 14

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தந்தி அடித்திருந்தால் காகிதமாவது மிச்சமாகியிருக்கும்.

அக்காவிடம் கேட்டேன். அலுவலகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. மார்ச்சில் ஜன்னலில் வந்து நின்றவள் மே மாதத்தில் 'நான் சொல்வதற்கில்லை' என்கிறாய். அவர் உனக்குத் தனியாக எழுதினாரா? என்னைப் பற்றி என்ன சொன்னார்? இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைச் சின்னக் குழந்தை மாதிரி நடத்துகிறீர்கள். 'கோபித்துக்கொள்ளாதே' என்று வேறு!

ஒன்று முடிவு செய்துவிட்டேன். மாதக் கடைசியில் நானே போய்க் கையெழுத்துப் போடப் போகிறேன். நானும் சம்பாதிக்கிறேன். எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பாப்பா நலம். அவள் மட்டும் உன்னைக் கேட்டாள்.


மே 18

என் செல்லத்துக்கு,

நீ திட்டியது எல்லாம் எனக்குச் சேர வேண்டியதுதான். மாப்பிள்ளை உன்னைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. இதை நம்பு.

இந்தக் கடிதத்தைப் பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். இப்போது எழுதுவது சரிவில் வீடு வாங்கும் யாருக்கும், தெருவில் போகும் ஒரு புது ஆளுக்கும்கூட நான் சொல்வது. கையெழுத்துக்கு முன்னால் அந்த நிலத்தை ஆராய்ந்தவரிடம் நேராகக் கேட்க வேண்டும். உன் விஷயத்தில் அவர் உன் வீட்டிலேயே இருக்கிறார். அவரிடம் இதுவரை மனைவியாகத்தானே கேட்டாய்? ஒருமுறை, வீடு வாங்க வந்தவளாகக் கேள். உட்கார வைத்து, நிதானமாகக் கேள். என்ன பதில் வரும் என்று என்னைக் கேட்காதே.

கேட்ட பிறகும் கையெழுத்துப் போட வேண்டும் என்று தோன்றினால் போடு. நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

சாப்பிடாமல் இருக்காதே. கோபம் வந்தால் நீ முதலில் அதைத்தான் செய்வாய்.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு எழுத ஆரம்பிப்பது வழக்கம். இன்று நேராகச் சொல்லிவிடுகிறேன்.

கேட்டேன். ஞாயிறு காலை கொல்லைப்படியில் உட்கார்ந்து பூட்ஸில் இருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னங்க, உங்க பொண்டாட்டியா கேக்கல. வீடு வாங்க வந்த ஒருத்தியா கேக்கறேன். அந்தச் சரிவுல பாப்பாவைத் தூங்க வைக்கலாமா?" என்றேன்.

சுரண்டுவதை நிறுத்திவிட்டார். "கூடாது" என்றார்.

அவ்வளவுதான். பிறகு ஒரு பூட்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். மேல் வரிசைக்குக் கீழே இருக்கும் மண் ஏற்கெனவே ஒருமுறை இறங்கியது. மழை விட்டபின் வெடிப்புகள் அகலமாகிக்கொண்டு வருகின்றன. அறிக்கையிலிருந்து அதை எடுக்கச் சொன்னார் நெட்டை அண்ணன். இவர் மாட்டேன் என்று ஏப்ரல் கடைசியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். "சரி, முத்திரைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றாராம் அவர். அதிலிருந்து நகராட்சிக்குப் போவதா வேண்டாமா என்று இவர் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். மறுபடி சேற்றைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் இருவரும் சேர்ந்து போனோம். நகராட்சிக்குப் போவதற்கு முன் கம்பெனிக்குப் போய் நண்பனிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். நெட்டை அண்ணன் கடைசியில், "போடா, போ. போறப்ப சாவிய ரிசப்ஷன்ல குடுத்துட்டுப் போ" என்றது மட்டும் கேட்டது. இருபது வருஷச் சிநேகம், அக்கா.

வேலை போய்விட்டது. கட்டும் அனுமதியை நிறுத்தி வைத்து, வேறு நிபுணர்களை வரவழைத்திருக்கிறார்கள். கீழ் வரிசையில் வீடு பதிந்திருந்த கணக்கு டீச்சர் நேற்று என் கடை வாசலைத் தாண்டி, எதிர்க்கடைக்குப் போய் இருமல் மருந்து வாங்கினாள். நான் பார்க்க வேண்டும் என்றே பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உனக்கு முன்பே தெரியுமா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று. வேறு எதுவும் எழுதாதே.


ஜூன் 20

என் சில்வண்டுக்கு,

நீ கேட்ட ஒரு சொல்லை என்னால் எழுத முடியாது. ஆமாம் என்றாலும் முடியாது, இல்லை என்றாலும் முடியாது. அலுவலகத்துக்கு யார் கூப்பிட்டார், யார் கூப்பிடவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. உனக்காக அதை உடைத்தால், அடுத்த முறை பயந்துகொண்டே போனை எடுக்கும் ஒருத்தர் ஒன்றும் கேட்காமலே வைத்துவிடலாம்.

உன்மேல் பாசம் இல்லாமல் இதை எழுதவில்லை. பாசத்தோடு எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நான் வந்து உங்களோடு கொஞ்ச நாள் இருக்கட்டுமா? பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன், பாத்திரம் தேய்க்கிறேன். இதைப் பற்றி மட்டும் கேட்காதே.

மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். வெறுமனே விசாரித்ததாக.

அக்கா


அக்டோபர் 7

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கழுத்து வலி மறுபடி வந்திருப்பதாக, நீங்கள் பாப்பாவுக்கு அனுப்பிய அட்டையில் பார்த்தோம். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நான் இதுவரை உங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூனுக்குப் பிறகு நீங்கள் இரண்டு முறை எழுதியும் அவள் பதில் போடவில்லை. பேனாவை எடுப்பாள், கொஞ்ச நேரம் பார்ப்பாள், வைத்துவிடுவாள். நான் பேசாமல் இருந்ததால்தான் இது என்று எனக்குப் புரிய இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஏப்ரலில் உங்கள் அலுவலகத்துக்கு அழைத்தவன் நான்தான் என்று நானே சொன்னேன். இனி நீங்கள் அதைச் சுமக்க வேண்டாம்.

உங்களைப் போனிலிருந்து மாற்றிவிட்டார்கள் என்று அவள் சொல்லியிருந்ததால்தான் கூப்பிட்டேன். "ஆலோசனைப் பிரிவு, சொல்லுங்க" என்று குரல் வந்ததுமே தெரிந்துவிட்டது. வைத்துவிடத்தான் கை போனது. பிறகு நீங்கள் "சொல்லுங்க சார்" என்றீர்கள். பத்து வருஷத்தில் என்னை நீங்கள் சார் என்று கூப்பிட்டதில்லை. உறவாகப் பேசியிருந்தால் வேலையை விடாதீர்கள், பிள்ளை இருக்கிறாள் என்று தங்கைக்காகச் சொல்வீர்களோ என்று பயம் இருந்தது. அந்த 'சார்' கேட்டதும் பயம் போய்விட்டது. மேடம் என்று நானும் ஆரம்பித்துவிட்டேன்.

வேலை போனால் என்ன என்பதற்கு வழிகாட்டியில் பதில் இல்லை என்றீர்களே, அண்ணி. அந்த ஒரு பதிலால்தான் மற்றதையெல்லாம் நம்பினேன். அதற்கும் ஏதாவது இனிப்பாகச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

தாடிக்காரர் பிறகு மூன்று முறை பேசினார். நல்ல மனிதர். உங்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

கிணறு தோண்டும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். எங்கே தண்ணீர் என்று சொல்ல வேண்டும். சொன்ன இடத்தில் வராவிட்டால் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். வார இறுதியில் வீட்டுக்கு வருகிறேன்.

உங்கள் ஆசியை வேண்டும்,
தங்கை வீட்டுக்காரன்


நவம்பர் 19

என் அக்காவுக்கு,

சுகமா? எங்கள் சுகத்தைச் சொல்கிறேன். இவர் எலும்பும் தோலுமாக இருந்தவர், கிணற்று வேலைக்குப் போய் வெயிலில் கறுத்து, நன்றாகச் சாப்பிடுகிறார். பாப்பாவுக்கு ஒரு பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணல். எனக்குத்தான் உன்னிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று தெரியாமல் இத்தனை மாதம் வீணாகிவிட்டது.

மழை முடிந்துவிட்டது. மலை இறங்கவில்லை. நின்ற இடத்தில் நிற்கிறது. "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்று கணக்கு டீச்சர் கடைத்தெருவில் என் காதுபடவே சொன்னாள். வந்த நிபுணர்கள் மேல் வரிசை கூடாது என்று எழுதிவிட்டார்கள். கீழ் வரிசைக்கு மட்டும், தண்ணீர் வடிய வழி செய்துவிட்டுக் கட்டலாமாம். அதனால் அவளுக்கு வீடு உண்டு, தாமதமாக. அதற்காக யாரும் இவருக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. நடக்காத ஒன்றுக்கு நன்றி சொல்ல மனிதர்களுக்கு எப்படித் தோன்றும்?

போன வாரம் நெட்டை அண்ணன் கடைக்கு வந்தார். குனிந்து சீட்டை நீட்டினார். மருந்தை எடுத்துக் கொடுத்தேன். அது என்ன மருந்து என்று உனக்கு எழுத மாட்டேன்; இவரிடமும் சொல்லவில்லை, அண்ணன் வீட்டு அண்ணி கேட்டாலும் சொல்ல மாட்டேன். அவர் போன பிறகு கல்லாவில் நின்றபடி உன்னை நினைத்துக்கொண்டேன். மே மாதம் என்னிடம் வாயை மூடிக்கொண்டு இருக்க நீ என்ன பாடு பட்டிருப்பாய்! நானானால் இரண்டு நாள் தாங்கியிருக்க மாட்டேன்.

போகும்போது, "அவன் எப்படி இருக்கான் தங்கச்சி?" என்று கேட்டார். "கிணறு தோண்டறாரு, அண்ணே. தண்ணி வருது" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இவரிடம் சொன்னதும் எழுந்து வாசல் வரை போய் நின்றுவிட்டு வந்தார். அந்தச் சிநேகம் திரும்புமா என்று எனக்குத் தெரியாது.

இவரிடம் மறுபடி கேட்டேன், ஏன் அப்போதே என்னிடம் சொல்லவில்லை என்று. இந்த முறை பதில் சொன்னார்: "நீ என்ன சொல்வேன்னு எனக்குத் தெரியல. அதான் பயந்தேன்." "நான் என்ன, சொந்தப் பிள்ளைய மண்ணுக்குள்ள தள்ளறவளா?" என்று சண்டை போட்டேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அக்கா, உண்மை என்ன தெரியுமா? ஏப்ரலில் சொல்லியிருந்தால், 'எல்லாருந்தான் மலையில கட்டறாங்க, முத்திரைய வச்சிட்டு வாங்க' என்று சொல்லியிருப்பேன். அந்த வீட்டின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. அவர் பயந்தது சரிதான்.

இதை அவரிடம் சொல்லிவிடாதே. நீ சொல்ல மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

சீக்கிரம் வா. ஈரச் சுவர்தான், ஆனால் உனக்கு உலர்ந்த பக்கத்தில் பாய் போடுகிறேன்.

உன் சில்வண்டு